குதிரையின் குற்றமா?

சேணமிட்டு ஏறியதும் குதிரை காதுகளைப் பின்னே மடக்குகிறது, வாலை வீசியடிக்கிறது, துள்ளுகிறது. உடனே ‘முரட்டுக் குதிரை’ என்று சாட்டையை எடுத்தல் நீதியாகுமா?

இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசனும் உடன் ஆய்ந்தோரும் 2018-இல் இத்தகைய 24 குறிகளை வகுத்தனர். சவாரியின்போது அவற்றுள் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை தோன்றின், எலும்பிலோ தசையிலோ மூட்டிலோ வலியிருத்தல் கூடும் என்றனர். நொண்டிய குதிரைகளுக்கு வலி மரத்துப்போக ஊசியிட்டபோது அக்குறிகள் குறைந்தன. பிடிவாதத்தை ஊசி போக்குமோ?

துக்கத்திற்குக் காரணம் உண்டென்பது பகவான் போதனை. ஆகவே முதலில் சேணம், முதுகு, பல், குளம்பு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். வலியில்லையெனத் தெளிந்த பின்னரே பொறுமையுடன் பழக்குதல் வேண்டும். சாட்டை வலியை நீக்காது. வலியைக் காட்டும் குறியையே அடக்கும்.

வாயற்றோர் வேதனையைத் திமிரென்பது மேலேறியிருப்போர் வழக்கம். அவ்வழக்கால் நெடுங்காலம் வருந்திய நாம், அதனைப் பிறிதோர் உயிர்மீது செலுத்தலாகாது.