எனக்காகவா, உனக்காகவா?

அப்பாவுக்கு 71 வயது. ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் மூன்று தரம் கேட்பார். மூளைக்குப் பயிற்சி தரும் விளையாட்டு ஒன்றை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். நாலு நாள் விளையாடிவிட்டுக் கேட்டார்: "இது எனக்காகவாடா, உனக்காகவா?"

பதில் வரவில்லை. அறிவியலுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

மனித மூளையின் மின் அலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924இல். அந்த அலைகளில் ஒரு தாளம் தீட்டா; நொடிக்குச் சுமார் 4 முதல் 7 முறை ஏறி இறங்கும். கவனத்தைக் குவிக்கும்போது மூளையின் முன்பகுதியில் அது வலுக்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், சான் பிரான்சிஸ்கோவில் ஆடம் கஸேலியின் குழு 60 முதல் 85 வயதுக்காரர்களை ஒரு வீடியோ கேம் ஆடவைத்தது. வளைந்து செல்லும் சாலையில் காரையும் ஓட்ட வேண்டும், குறிப்பிட்ட அடையாளம் தெரிந்தால் பொத்தானையும் அழுத்த வேண்டும். ஒரு மாதத்தில் 12 மணி நேரப் பயிற்சி. முடிவில், அந்த இரண்டையும் ஒருசேரச் செய்வதில், பயிற்சி பெறாத 20 வயதுக்காரர்களையே மிஞ்சினார்கள். தீட்டாவும் வலுத்திருந்தது. ஆறு மாதம் கழித்தும் பலன் மிச்சமிருந்தது.

இதை வைத்து எல்லா விளையாட்டையும் நம்பிவிட முடியாது. முதுமையின் மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்த லுமாசிட்டி நிறுவனம், ஆதாரம் போதாது என்று அமெரிக்க அரசு அமைப்பு தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 2016இல் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

ஆனால் என்னை உறுத்துவது பலன் உண்டா இல்லையா என்பதல்ல. ஆய்வுக்கு ஒப்பிட ஒரு 20 வயது தேவை, சரி. அதே அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். மூன்றாம் தரம் கேட்பதில் அப்பாவுக்கு ஒரு சிரமமும் இல்லை. மூன்றாம் தரம் பதில் சொல்கிற சிரமம் என்னுடையது. என் பொறுமைக் குறைவை அவர் தலைக்குள் போய்ச் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக, 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுவதும் அக்கறை ஆகாது. டாக்டரிடம் கூட்டிப் போகத்தான் போகிறேன். விளையாட்டும் இருக்கட்டும், அவருக்குப் பிடித்திருந்தால். யாருக்காக என்பதில் மட்டும் இனி பொய் கூடாது.

ஒரு வாரம் கழித்துச் சொன்னேன்: "எனக்காகத்தான்பா."

"எது?" என்றார். கேட்டதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.