பொருளிழப்பும் வினைக்கொள்கையும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியிலோ அலுவலகத்திலோ உழைத்த ஒருவர், ஓய்வு பெற்ற நாளிற் கைக்கு வந்த தொகையைப் பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் இடுகின்றார் என்று கொள்வோம். அதினின்று மாதந்தோறும் ஒரு சிறு கூறு எடுத்து முதுமையைக் கழிப்பது அவர் கருத்து. சின்னாளிற் சந்தை சரிகின்றது. முதலில் மூன்றிலொரு பங்கு ஏட்டளவில் மறைந்தொழிகின்றது. அவரைக் காண வந்த நண்பர், "எல்லாம் வினைப்பயன், நமக்குள்ளது நிற்கும், அல்லது போம், வருந்தற்க" என்று சொல்லிப் போகின்றார். இவ்வாறுதன்மொழி சைவ வீடுகளில் எளிதாக வழங்குவது. தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் ஆகிய இவ்வூர்ப் பக்கங்களிற் புராணங் கேட்டுப் பழகிய முதியோர் பலரும் இதனைச் சொல்லியுமிருப்பர், கேட்டுமிருப்பர். ஆயினும் இது சித்தாந்தத்தின் வழிப்பட்டதா, அன்றிச் சித்தாந்தத்தின் பெயரால் வழங்கும் ஒரு சோம்பற் சொல்லா என்பது ஆராயத்தக்கது.

முற்காலத்தில் இவ்வினா சிலர்க்கே உரியதாயிருந்தது. அரசினர் ஊழியர்க்கு இறக்குமளவும் ஒரு தொகை வருமென்பது உறுதி. சந்தை ஏறினும் இறங்கினும் அவர்க்கு ஒன்றே. 2004-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு மத்திய அரசுப் பணியிற் புதிதாகச் சேர்ந்தோர், படைத்துறையினர் நீங்கலாக, சந்தையோடு பிணைந்த ஓய்வூதியத் திட்டத்துட் கொண்டுவரப்பட்டனர். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியும் 2015 முதல் தன் வரவில் ஒரு கூற்றைப் பங்குத் தொகுதிகளில் இட்டு வருகின்றது. ஆகலின், பங்குச் சந்தையின் பக்கமே திரும்பிப் பாராத அன்பரும் தம்மையறியாமலே அதன் கரையில் நிற்கின்றனர்.

இனி நூன்முடிபைக் காண்போம். சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர், உயிர் கருவில் அமையும்பொழுதே உடனமைவனவாக ஆறினை எண்ணுகின்றார். பொருளைப் பெறுதலும் அதனை இழத்தலும் முதலிரண்டாக நிற்க, இன்பமும் நோயும் மூப்பும் இறப்பும் அவற்றின்பின் வருகின்றன. இழத்தலும் மூத்தலும் ஒரே வரிசையில் வைத்தெண்ணப்பட்டமை, ஓய்வுக்காலத்தே பொருளிழந்தார்க்கு எத்துணை ஆழமாய்த் தைக்கும் என்பதைச் சொல்லவேண்டா. நண்பரின் மொழிக்கு இதுவே சான்று எனத் தோன்றும்.

அற்றன்று. ஓர் அனுபவம் ஓர் உயிரை ஏன் வந்தடைந்தது என்பதற்கு அது விடை. அவ்வனுபவத்தைக் கொண்டுவந்த கை குற்றமற்றதா என்பதற்கும், அடைந்தவன் அடுத்து என்செய்யவேண்டும் என்பதற்கும் அது விடையன்று. நுகரப்படுவது பிராரத்தம், நுகரும்பொழுதே செய்யப்படுவது ஆகாமியம். பிராரத்தமோ பிற உயிர்களின் வாயிலாகவும், பூதங்களின் வாயிலாகவும், தெய்வத்தின் வாயிலாகவும் வந்து பொருந்தும் என மூவகையாக நூல்கள் வகுக்கும். பிற உயிரின் வாயிலாக வருங்கால், அவ்வுயிர் வெறுங் கருவியாய் நின்றொழிவதில்லை. தன் கருத்தோடு செய்தமையின் தனக்கொரு புதுவினையை ஈட்டிக்கொள்கின்றது. கள்வன் கையிற் பொருளிழந்தவனுக்கு அவ்விழவு பழவினையின் பயனே. கள்வனுக்கோ அது புதிய தீவினை. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது நூலைப் பாதி படித்தவர் செயல்.

எனவே, "என் வினை" என்னுஞ் சொல் தன்மையிடத்துச் சொல்லத் தக்கது. இழந்தவர் தாமே தம் நெஞ்சுக்குச் சொல்லுமிடத்து அது மருந்து. முன்னிலையிடத்து, "உன் வினை" எனப் பிறர் சொல்லுங்கால் அது பெரும்பாலும் இரக்கமின்மைக்கு இட்ட போர்வை. பொருளை வாங்கிக் கெடுத்தவனே அதனைச் சொல்வானாயின், அதனினுங் கொடிய சொல் பிறிதில்லை.

இது வெறுங் கற்பனையன்று. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் நாள் கதவடைத்தது. அக்காலத்துச் சம்பளக்காரரும் ஓய்வூதியரும் தம் சேமிப்பை அதனிடம் நம்பி வைத்திருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் விசாரிக்கப்பட்டு 1907-இற் சிறை புகுந்தார். அவ்வாண்டே இந்தியன் பாங்கி தோன்றியது. நம் மலைக்கு மேற்கே, திருவிதாங்கூர் நேஷனல் பாங்கியும் கொல்லம் பாங்கியும் 1937-இல் ஒன்றாயின; மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே அப்பெரும் பாங்கி பணங்கொடுப்பதை நிறுத்தியது. அந்நாளிற் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சார்ந்தது. இலஞ்சியிலிருப்பார்க்கு அது காலை புறப்பட்டு நண்பகலுக்குள் மீளும் தொலைவு. நடத்தினார் பிழையோ, அரசினர் பகையோ எது அதனை வீழ்த்தியது என்னும் வழக்கு இன்றுங் கேட்கப்படுகின்றது. வைப்பிட்டவர்க்கு அவ்வழக்கால் வயிறு நிறையவில்லை. 1960-இற் பாலை சென்ட்ரல் பாங்கியும் வீழ்ந்த பின்னரே, 1962 ஜனவரி முதல் நாள் தொட்டு வைப்புத்தொகைக்குக் காப்புறுதி நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2020 பிப்ரவரி முதல் அதன் எல்லை ஐந்து லட்சம் ரூபாய். பங்குகளுக்கு அக்காப்பு இல்லை என்பதையும் உடனறிக.

பாங்கியில் வைப்பதும் தரகரிடங் கொடுப்பதும் அடைக்கலப்பொருளின் பாற்படும். அடைக்கலம் இழக்கப்படுமிடத்துச் சைவர் கடன் யாது என்பதற்குப் பெரியபுராணத்தில் இரண்டு வரலாறுகள் உள. சிவயோகியார் வைத்துப்போன திருவோடு திருநீலகண்டக் குயவனார் இல்லத்தில் மறைந்தது. பழையாறை வணிகர் அமர்நீதியாரிடம் ஒரு பிரமசாரி ஒப்புவித்த கோவணம், அவர் நீராடி மீளுமுன் காணாமற் போயிற்று. இரண்டிலும் மறைத்தவன் இறைவன்; காவலர்பாற் குற்றம் ஒரு தினையளவுமில்லை. "சுவாமி, அது உம் வினை, ஓடு போனாற் போகட்டும்" என்று இவருள் ஒருவரேனுஞ் சொல்லினரா? குயவனார் வேறோடு தருகிறேன் என்று மன்றாடினார். தில்லைவாழந்தணர் அவையிலும் நின்று விடைகூறினார். அமர்நீதியார் தம் பட்டும் பொன்னும் மணியும் தராசிலிட்டு, அதுவும் ஒவ்வாதாக, மனைவியொடும் மகனொடும் தாமே தட்டில் ஏறினார். ஒரு கந்தைக்கு ஒரு குடும்பம் ஈடாயிற்று. இறைவன் தன் அடியார்க்கு வகுத்த சோதனைகளுள் இரண்டனை அடைக்கலப்பொருளின்மேல் வைத்தமை தற்செயலாகுமென்று யாம் கருதவில்லை.

இத்தராசை இக்காலத்தார்முன் வைத்துப் பார்க்க. 2020 மார்ச்சு மாதத்தில் எஸ் பாங்கியின் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ஒருங்கே மதிப்பற்றனவாகத் தள்ளப்பட்டன. அவற்றின் ஆபத்தை விளக்காமல், நிலைவைப்பைப் போலக் காட்டித் தனியார் பலர்க்கு விற்றமை பற்றிச் செபி 2021-இல் 25 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வழக்கு மேல்மன்றங்களுக்குச் சென்றது. முடிபு எதுவாயினும் ஆகுக. நீறு பூசிக்கொண்டு கமிஷன் தொழில் செய்யும் அன்பர் எவரேனும் இதனைப் படிப்பரேல், தாம் விற்கும் தாளின் ஆபத்தை வாங்கும் முதியவர்க்கு அவர் மொழியிலேயே சொல்லியதுண்டா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, ஒருவரும் கள்ளஞ்செய்யாமலே வரும் இழவு வேறு. சந்தையின் பொதுவீழ்ச்சி அத்தகையது. மும்பைச் சந்தையின் குறியெண்ணாகிய சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டியது. 2009 மார்ச்சில் 8,160-க்குத் தாழ்ந்தது. மீட்டும் 21,000-ஐ எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. 2020-இல் நோய்ப்பரவல் தொடங்கிய காலத்து, ஜனவரியில் 41,900-ஐ ஒட்டி நின்றது மார்ச்சு 23-இல் 25,981 ஆயிற்று. அந்த நவம்பரிலேயே பழைய உயரத்தைக் கடந்தது. இவற்றைக் காட்டி, "பொறுத்திருப்பின் மீளும்" என்று சந்தை வல்லார் தேற்றுவர். பெரும்பாலும் மெய்யே. ஆயின் யப்பான் நாட்டின் குறியெண் 1989 டிசம்பரில் 38,915-ல் முடிந்தது. அதனை மீண்டுங் கடக்க 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள் சென்றன. அறுபதில் இழந்தவர் தொண்ணூற்று நான்கில் மீட்பாராம்! தென்காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று 1990-இல் மீள எழுந்ததை நாமறிவோம். அது சிதையக் கண்டவர் அது எழக் காணவில்லை. அக்கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதனைக் காப்பாரைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். சந்தை வல்லார் மீளும் என்பர். எவர்க்கு மீளும் என்பதைச் சொல்லார்.

பங்கின் விலைபற்றிக் கவலுதல் அடியார்க்கு அடுக்குமோ என்று சிலர் வினவுவர். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலை, ஆளுடைய பிள்ளையாரும் அப்பரும் அடியாரை ஊட்டுதற்பொருட்டு இறைவன்பால் நாடோறும் ஒவ்வொரு காசு பெற்றனர். பிள்ளையார் காசுக்குக் கடைத்தெருவில் வட்டங் கேட்டனர். அதனால் அவர் மடத்திற் பந்தி தாழ்த்தது. பிள்ளையார் அதனை அற்பமென்று விடவில்லை. காசின் வாசி தீருமாறு இறைவனையே வேண்டினார். பிறர் உண்ணவேண்டிய சோறு காசின் மதிப்பைப் பற்றி நிற்குமாயின், அம்மதிப்பைக் கருதுவதில் இழுக்கில்லை.

ஓய்வு பெற்றார் கருதவேண்டுவது இது. இலஞ்சி என்னுஞ் சொல்லுக்கு நீர்நிலை என்றும் ஒரு பொருள் உண்டு. குளத்தில் நீர் குறைந்த ஆண்டிலும் நிறைந்த ஆண்டின் அளவே மடைதிறப்பவன், மழை வரும்போது குளத்தை அல்ல, தரையைக் காண்பான். ஒருவர் மாதம் 5,000 ரூபாய் எடுப்பவர். அலகொன்று 100 ரூபாய் விற்குங்கால் 50 அலகு விற்றாற் போதும். விலை 60 ஆகுங்கால் 83 அலகு விற்கவேண்டும். விலை பின்னர் 100-க்கு மீண்டாலும், மிகுதியாய் விற்ற அந்த 33 அலகுகள் மீளா. இளைஞனுக்கு ஏட்டளவாய் நிற்கும் இழவு, விற்றுண்ணும் முதியவர்க்கு மெய்யிழவாய் முடிவது இவ்வாறே. ஆதலின் இரண்டு மூன்றாண்டுச் சோற்றுக்கும் மருந்துக்கும் வேண்டுவதை அஞ்சலகத்திலோ நல்ல பாங்கியிலோ தனியே வைத்து, எஞ்சியதையே சந்தைக்கு விடுவது தக்கது. முன்னரே அவ்வாறு செய்யாதவர், வீழ்ந்தபின் செலவைச் சுருக்கி, விற்பதைக் குறைப்பாராக. வீழ்ச்சியின் கடைநாளில் அஞ்சி யாவற்றையும் விற்பதும், இழந்ததைப் பிடிக்கக் கடன்வாங்கி மேலும் இடுவதும் ஆகாமியமே. அவற்றைப் பிராரத்தத்தின் தலையிற் கட்டலாகாது.

இத்தனையும் செய்தபின்னும் எஞ்சிநிற்கும் ஒரு வருத்தம் உண்டு. அது சோற்றைப் பற்றியதன்று. "இத்துணை லட்சம் உடையேன்" என்று ஒருவர் தம்மை எண்ணோடு ஒன்றாக எண்ணியிருந்தார். எண் குறையத் தாமே குறைந்துபோனதாகக் கலங்குகின்றார். மனைவிக்குச் சொல்ல நாணுகின்றார். மக்கள் முகம்பார்க்கக் கூசுகின்றார். யான் எனது என்னும் ஆணவ மலத்தின் வேலை இதுவென்று சித்தாந்திகள் எளிதிற் கண்டுகொள்வர். ஆயினும் அதனைக் கண்டவுடன் அவர்க்கு இருவினையொப்பை உபதேசிக்கத் தொடங்குவது முறையன்று. நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் உயிரின் அறிவு ஒருதன்மைத்தாய் உவர்த்து நிற்பதே இருவினையொப்பு; அது பல பிறப்பிற் பழுத்து வருவது. பணம் போன மறுநாள் ஒருவன் மரத்துப்போய் இருப்பதை அப்பெயரால் அழைப்பது, பசித்தவனை நோன்பி என்றழைப்பது போலும். முதலில் அவர் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லட்டும். மக்களும், "எங்களைக் கேளாமல் ஏன் இட்டீர்கள்?" என்னும் வினாவை ஓராண்டு ஒத்திவைக்கட்டும். இளையான்குடி மாறனார் செல்வம் சுருங்கிய காலத்து, அன்று பகல் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று கணவனுக்கு வழி சொன்னவர் அவர் மனைவியார். அவர் கருத்தைச் சொல்லவிட்டுக் கேட்டு, மழையிரவிற் சென்று அதனை வாரிவந்தவர் மாறனார். அவ்வீட்டில் வறுமை இருந்தது, மறைப்பு இருந்ததில்லை.

இறுதியாக ஓர் ஐயம், அன்பர் சிலர்க்கு எழக்கூடியது. இலஞ்சிக் குமாரர் திருமுன்பிலோ குற்றாலத்திலோ ஆண்டுதோறும் ஒரு கட்டளை நடத்துவதாக ஏற்றுக்கொண்டவர், வருவாய் சுருங்கிய இக்காலத்து அதனைக் குறைக்கலாமா? குறைக்கலாம்; கடன்பட்டு நடத்தலாகாது. குங்குலியக்கலயர் நெல்வாங்கக் கொடுத்த தாலியைக் கொண்டு குங்குலியம் வாங்கினாரே எனின், அவர் நாயனார். இறைவன் அவர் வீட்டை அன்றிரவே நெல்லால் நிறைத்தான். மனைவியின் மருந்துச்செலவு கையிலிருக்கும் ஒருவர், அதே நிறைவை எதிர்பார்த்து அதே செயலைச் செய்வது பத்தியன்று, மற்றுமொரு பந்தயம். பத்துப்படி அரிசி ஒருபடியாகட்டும்; அதற்கும் இயலாதேல் திருக்குளத்துப் படியைப் பெருக்கி, ஒரு கைப்பூவோடு செல்க. கோயிற் கணக்கரிடமும் அதனை நேரே சொல்லிவிடுக. அவர் வேறொருவரை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமன்றோ?