கொடையா, உரிமையா? – இந்திய அரசியல் யாப்பும் ஊராரின் தன்னாட்சியும்

ஒரு நாடு அந்நியர் ஆட்சியிலிருந்து விடுதலை பெறுவது நியாயமானதென்பதை இன்று எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அந்நாட்டினுள் அடங்கிய ஓர் ஊர் தன் கிணற்றையும் வீதியையும் சந்தையையும் தானே நிருவகிக்க விரும்பும்போது, அதே நியாயம் அவ்வூருக்கும் பொருந்துமா என்ற வினா எழுகின்றது. பொருந்துமெனின், உள்ளூராட்சி என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, ஊராரின் உரிமையாகும். பொருந்தாதெனின், அது நிருவாக வசதி கருதி மேலிடம் கீழிடத்துக்கு ஒப்படைத்த வேலைப் பங்கீடு மட்டுமே. விரும்பியபோது கொடுக்கலாம், வெறுத்தபோது மீளப் பெறலாம். உள்ளூராட்சி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வரி, வடிகால், வீதிவிளக்கு என்ற எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. அவற்றின் அடியிற் கிடப்பது ஓர் அறவியல் வினாவே. அவ்வினாவை ஓர் அரசியல் யாப்பு எவ்வாறு எதிர்கொள்ள முடியும் என்பதை ஆராய்வதற்கு இந்தியாவின் அனுபவம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சுதந்திர இந்தியாவின் யாப்பு வரைவு 1948ஆம் ஆண்டு அரசியல் நிருணய சபையின் முன் வைக்கப்பட்டபோது அதில் கிராமத்துக்கு இடமளிக்கப்பட்டிருக்கவில்லை. காந்தியடிகளோ கிராமத்தையே சுயராச்சியத்தின் அடிப்படையாகக் கண்டவர். உச்சியைத் தாங்கி நிற்கும் கோபுரமாகவன்றி, ஒன்றையொன்று சூழ்ந்து விரியும் வட்டங்களாகவே சமுதாயம் அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. இதற்கு நேரெதிரான கருத்தை வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் திகதி சபையில் வெளியிட்டார். கிராமம் அறியாமையும் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்றும், வரைவு கிராமத்தை விடுத்துத் தனிமனிதனை அலகாகக் கொண்டமை தமக்கு மகிழ்ச்சி தருகின்றது என்றும் அவர் கூறினார். சபையிற் பலர் இக்கூற்றினால் வருந்தினர். அதே மாதம் 22ஆம் திகதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் உறுப்புரையாயிற்று. கிராமப் பஞ்சாயத்துக்களை அமைத்துத் தன்னாட்சி அலகுகளாக இயங்குவதற்கு வேண்டிய அதிகாரங்களை அவற்றுக்கு அரசு வழங்குதல் வேண்டும் என அது பணித்தது. ஆயின் அது அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக மட்டுமே வைக்கப்பட்டது. நீதிமன்றத்தின் வாயிலாக அதனை நிறைவேற்றுவிக்க இயலாது. நகரங்களைப் பற்றி அவ்வுறுப்புரை ஒரு சொல்லும் கூறவில்லை.

இவ்விருவரின் முரண்பாட்டைப் பழைமைவாதத்துக்கும் புதுமைவாதத்துக்கும் இடைப்பட்ட முரண்பாடாக நோக்குவது பொருந்தாது. ஒருவர் கிராமத்தை நசுக்கக்கூடிய அரசைக் கண்டு அஞ்சினார். மற்றவர் தனிமனிதனை நசுக்கக்கூடிய கிராமத்தைக் கண்டு அஞ்சினார். இவ்விரு அச்சங்களுக்கும் வரலாற்றில் ஆதாரமுண்டு. தமிழர் பெருமையோடு எடுத்துக்காட்டும் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களே இதற்குச் சான்று பகர்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட இவை, ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டமையையும் குடவோலை முறையினால் வாரிய உறுப்பினர் தெரிவுசெய்யப்பட்டமையையும் விரிவாகக் கூறுகின்றன. முன்னர் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதிகளை இத்துணை நுணுக்கமாக வகுத்திருந்தமை வியப்புக்குரியதே. ஆனால் குடத்தினுள் யாருடைய பெயர்கள் இடப்பட்டன? அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினரே தகுதி பெற்றனர். அந்நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அக்குடத்தில் ஓலை இருந்ததில்லை. ஊரால் தன்னை ஆள முடியும் என்பதற்கும், ஊர் எனப்படுவது ஊரார் அனைவரும் அல்லர் என்பதற்கும் ஒரே கல்வெட்டு சான்றாக நிற்கின்றது.

சுதந்திரத்தின் பின்னரான நான்கு தசாப்தங்கள் முதலாவது அச்சத்தை மெய்ப்பித்தன. பல்வந்தராய் மேத்தா குழுவின் 1957ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1959 ஒக்டோபர் 2ஆம் திகதி இராசத்தானின் நாகவூரில் பிரதமர் நேரு பஞ்சாயத்து ஆட்சி முறையைத் தொடக்கிவைத்தார். ஆனால் இம்மன்றங்கள் மாநிலச் சட்டங்களால் உயிர் பெற்றவை. உயிரைக் கொடுத்த கையே அதனைப் பறிக்கவும் வல்லதாயிருந்தது. தமிழ்நாட்டில் 1970இல் நடைபெற்ற ஊராட்சித் தேர்தலின் பின்னர் அடுத்த தேர்தல் 1986இலேயே நடைபெற்றது. 1688இல் தொடங்கப்பெற்று நாட்டின் மிகப் பழைய மாநகராட்சியாகத் திகழும் சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973இற் கலைக்கப்பட்டது. 1996 வரை அம்மாநகர மக்கள் தமது மாநகரத் தந்தையைக் காணாதிருந்தனர். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கத் தகுதியுடைய ஒருவர் தம் தெருவின் குப்பை பற்றித் தீர்மானிக்கத் தகுதியற்றவரானார். கொடையாகப் பெற்ற தன்னாட்சியின் இயல்பு இதுவே.

இந்நிலையை மாற்ற முயன்ற 1989ஆம் ஆண்டின் திருத்த மசோதா மாநிலங்களவையில் தோல்வியுற்றது. பின்னர் 1992 டிசெம்பரில் நிறைவேறிய 73ஆம், 74ஆம் திருத்தங்கள் முறையே 1993 ஏப்பிரல் 24ஆம் திகதியும் யூன் 1ஆம் திகதியும் நடைமுறைக்கு வந்தன. முன்னையது கிராமங்களுக்கும் பின்னையது நகரங்களுக்கும் உரியது. இவற்றின் ஏற்பாடுகளை அவ்விரு அச்சங்களையும் மனத்திற் கொண்டு நோக்குமிடத்து அவற்றின் உட்கருத்துத் தெளிவாகும்.

அரசிடமிருந்து ஊரைக் காக்கும் ஏற்பாடுகள் முதலாவது வகையின. மன்றத்தின் ஆயுட்காலம் ஐந்தாண்டுகள். அது முடியுமுன்னர் தேர்தல் நடைபெறல் வேண்டும். இடையிற் கலைக்கப்படின் ஆறு மாதங்களுக்குள் புதிய மன்றம் தெரிவுசெய்யப்படல் வேண்டும். தேர்தலை நடத்த மாநிலந்தோறும் தனியான தேர்தல் ஆணைக்குழுவும், நிதிப் பங்கீட்டை ஐந்தாண்டுக்கொருமுறை ஆராய நிதி ஆணைக்குழுவும் அமைக்கப்படல் வேண்டும். ஊருக்குள் நலிந்தோரை ஊரிடமிருந்து காக்கும் ஏற்பாடுகள் இரண்டாவது வகையின. அட்டவணைச் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையாமலும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு உண்டு. பிற்காலத்தில் பல மாநிலங்கள் பெண்களுக்குரிய பங்கைப் பாதியாக உயர்த்தின. நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவரையொருவர் மறுத்து நின்ற இரு கருத்துக்களும் இத்திருத்தங்களில் அருகருகே அமர்ந்தன எனலாம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். தலைவராக யார் வரவேண்டும் என்பதை மேலிருந்து வரும் சட்டம் வரையறுக்குமாயின் அது எவ்வாறு தன்னாட்சியாகும்? மேலெழுந்தவாரியாக நோக்கின் இது வலுவான வினாவே. ஆயின் தன்னாட்சி என்ற சொல்லிலுள்ள ‘தான்’ யார் என்பதை முதலில் நிருணயிக்க வேண்டும். ஊரின் ஒரு பகுதியினர் எப்போதும் ஆணையிடுவோராகவும் மற்றொரு பகுதியினர் எப்போதும் அடங்கி நடப்போராகவும் இருப்பின், அங்கு நிகழ்வது தன்னாட்சியன்று. ஒருவர் மீது மற்றொருவர் செலுத்தும் ஆட்சியே. ஆள்பவர் கடல் கடந்து வந்தவரா, அடுத்த தெருவில் வாழ்பவரா என்பதனால் அதன் இயல்பு மாறிவிடாது. ஆகவே ஒதுக்கீடு தன்னாட்சியிற் குறுக்கிடுவதன்று. தன்னாட்சிக்குரிய ‘தான்’ முழுமை பெறுவதற்கு அதுவே முதற்படியாகும்.

இப்படிக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் அட்டவணைச் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தடைகளையும் மிரட்டலையும் மீறித் தெரிவான தலைவர் முருகேசன், 1997 யூன் 30ஆம் திகதி மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகளாக ஒதுக்கீடு செயலற்றிருந்தது. வேட்புமனு வராது; வந்தாலும் தெரிவானவர் உடனே பதவி விலகுவார். 2006 ஒக்டோபரிலேயே அங்கு தலைவர்கள் தெரிவாகிப் பதவியில் நிலைத்தனர். பெரும்பான்மையினரின் எதிர்ப்புக்கு அஞ்சி அப்பத்தாண்டுகளில் ஒதுக்கீடு விலக்கிக்கொள்ளப்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சட்டமன்றத்தின் சாதாரண பெரும்பான்மையால் நீக்கத்தக்க சலுகையாக அது இருந்திருப்பின் இவ்வளவு காலம் நின்றிருக்குமா என்பது ஐயமே. யாப்பு மேலவளவுத் தலைவரின் உயிரைக் காக்கவில்லை. எனினும் அவர் அமர்ந்த நாற்காலி அவருடைய மக்களிடமிருந்து பறிக்கப்படாமல் அது காத்தது.

இனி, இத்திருத்தங்கள் தயங்கி நின்ற இடத்தை நோக்கலாம். மன்றங்கள் இருத்தல் வேண்டும் என்பதைக் கட்டளையாகக் கூறிய யாப்பு, அவை எவற்றைச் செய்தல் வேண்டும் என்ற நிலையில் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. பதினோராம் அட்டவணை கிராமங்களுக்கு 29 விடயங்களையும், பன்னிரண்டாம் அட்டவணை நகரங்களுக்கு 18 விடயங்களையும் நிரற்படுத்துகின்றன. ஆனால் இவற்றை மாநிலச் சட்டமன்றம் மன்றங்களுக்கு ‘வழங்கலாம்’ என்றே கூறப்பட்டுள்ளது. ‘வழங்குதல் வேண்டும்’ எனக் கூறப்படவில்லை. நகர்ப்புறத் திட்டமிடலும் குடிநீர் வழங்கலும் பன்னிரண்டாம் அட்டவணையில் இடம்பெற்ற விடயங்கள். ஆயினும் சென்னையில் குடிநீர், மாநில அரசு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைத்த வாரியத்தின் பொறுப்பு. திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பொறுப்பு. மாறாக, கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதை உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்தது. யாப்பு ஒன்றே, விளைவுகள் இரண்டு. இருப்பு உரிமையாயிற்று, அதிகாரமோ கொடையாகவே எஞ்சியது.

மற்றொரு வேறுபாடும் சிந்தனைக்குரியது. கிராமத்துக்கு ‘கிராம சபை’ என்ற அமைப்பை யாப்பு அங்கீகரித்துள்ளது. இலங்கையில் முன்னர் கிராமசபை என வழங்கிய தெரிவுசெய்யப்பட்ட மன்றம் வேறு. இது வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள அனைவரும் கூடும் பேரவை. பிரதிநிதியின் வாயிலாகவன்றி மக்கள் நேரே பேசும் இடம் அதுவே. நகரத்துக்கு இத்தகைய பேரவை இல்லை. மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கு வட்டாரக் குழுக்களே விதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் அமைப்பையும் மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கும். கிராமத்தவர் கூடிப் பேசத் தக்கவர், நகரத்தவர் தக்கவரல்லர் என்பதற்கு அறவியல் அடிப்படை யாது? ஒரு முடிவினாற் பாதிக்கப்படுவோர் அம்முடிவிற் பங்குகொள்ள வேண்டும் என்பதே தன்னாட்சியின் நியாயமெனின், அந்நியாயம் வயல்வெளிக்கு ஒன்று, சேரிப்புறத்துக்கு வேறொன்று என இருத்தலாகாது.

எழுதப்பட்ட விதியின் வலிமைக்கும் எல்லையுண்டு. மன்றத்தின் காலம் முடியுமுன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் வலியுறுத்தியது. இருந்தும் தமிழ்நாட்டில் 2016 ஒக்டோபரில் முடிவடைந்த மன்றங்களுக்கான ஊரகத் தேர்தல் 2019 டிசெம்பரிலேயே தொடங்கியது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பெப்ருவரி வரை தாமதித்தது. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டனர். இலங்கையிலோ பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சாதாரண சட்டத்தால் ஆனவை. அதே ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபைகளின் நிரலிற் சேர்த்தபோதும் அவற்றின் அமைப்பைச் சட்டத்துக்கே விட்டது. 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த தேர்தல் நடைபெறவில்லை. அது அடிப்படை உரிமை மீறலென 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதியே வாக்களிப்பு நிகழ்ந்தது. யாப்பில் எழுதிய நாட்டிலும் எழுதாத நாட்டிலும் தாமதம் நேர்ந்துள்ளது. அங்ஙனமாயின் எழுதுவதாற் பயன் யாது எனக் கேட்கலாம். எழுதப்பட்ட இடத்தில் தாமதம் ஒரு தவறாகின்றது. அதனைத் தவறென நிறுவக் குடிமகனுக்கு ஒரு சொல் கையிற் கிடைக்கின்றது. எழுதப்படாத இடத்தில் அச்சொல்லையும் அவன் வேறெங்கோ தேடிச் செல்ல வேண்டியுள்ளது.

முடிவாக நோக்குமிடத்து, ஊரின் தன்னாட்சியும் ஊருக்குள் வாழும் தனிமனிதனின் சுதந்திரமும் ஒரே நியாயத்திலிருந்து பிறந்தவை என்பது புலனாகும். எவரும் தம் வாழ்வு பற்றிய தீர்மானங்களில் வெறும் ஏவலாளராக இருத்தலாகாது என்பதே அந்நியாயம். அதனை அரசிடம் கேட்கும் ஊர், தன் கடைக்கோடித் தெருவில் வாழ்பவனுக்கு அதனை மறுக்குமாயின் தான் கேட்கும் தகுதியை இழக்கின்றது. அதுபோலவே, ஊரின் குறைகளைக் காட்டி ஊருக்கு அதிகாரம் மறுக்கும் அரசு, அக்குறைகளுக்கு ஆளானோரையும் சேர்த்தே அதிகாரமற்றோராக்குகின்றது. இந்திய யாப்பு இவ்வுண்மையின் முதற்பாதியைக் கட்டளையாகவும் மறுபாதியை விருப்பமாகவும் எழுதி வைத்துள்ளது. ‘வழங்கலாம்’ என்ற சொல் ‘வழங்குதல் வேண்டும்’ என மாறும் வரை உள்ளூராட்சி பாதி உரிமையாகவும் பாதி கொடையாகவுமே இருந்துவரும்.