கொலுப்படியில் ஒரு தூர்தர்ஷன் ராமர்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கொலுவில் நிற்கும் ராமர், பிறவியில் வேணுகோபாலன். காகிதக்கூழ் பொம்மை. குழலை அறுத்தெடுத்து, எம்-சீல் பிசைந்து கையை நீட்டி, கம்பியில் வில் வளைத்துக் கொடுத்தேன். முகம் மட்டும் டிவியிலிருந்து: 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஓடிய ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தில் ராமராக வந்த நடிகர் அருண் கோவிலின் முகம். அந்த உதடு பிரியாத புன்னகையை ஜீரோ நம்பர் பிரஷ்ஷில் கொண்டுவருவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

"ஏன்டி, நடிகனையா சேவிக்கச் சொல்றே?" என்றாள் செம்பூர் அத்தை. நியாயமான கேள்விதான். ஆனால் அத்தை தினமும் விளக்கேற்றும் லட்சுமி படம் மட்டும் எந்த வழியில் வந்ததாம்? 1894-ல் இதே பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தின் வழியில். அவரும் எதிரே உட்கார்ந்த பெண்களைப் பார்த்து வரைந்தவர்தான்.

அடியவன் விரும்பிய வடிவைப் பெருமாள் ஏற்கிறார், அதுதானே அர்ச்சாவதாரம்? மரம், கல், காகிதக்கூழ் எல்லாம் சம்மதம் என்றவர் நடிகரின் தாடையை மட்டும் வேண்டாம் என்பாரா? எனக்கு உறுத்துவது வேறு. பாட்டி சொன்ன கதையில் ராமருக்கு முகமே கிடையாது, குரலும் கருணையும்தான். இப்போது கண்ணை மூடினாலும் டிவிக்காரர்தான் வந்து நிற்கிறார். வடிவம் கொடுத்தது நானா, என்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது வடிவமா?

அத்தைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அடுத்த வருஷம் சீதைக்கு, அதே தொடரில் சீதையாக வந்த தீபிகாவின் ஜாடை வேண்டுமாம்.