கயிறு பிடிப்பவரின் அறம்

அன்புக்குரிய ஒருவர் தம்மோடு யாரும் உடன்வர முடியாத இடத்துக்குச் செல்லும்போது, கரையில் நிற்பவர் அவருக்குச் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா, அல்லது உதவி என்று அவர் எண்ணுவதெல்லாம் தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொள்ளும் முயற்சிதானா என்னும் கேள்வி, சமயச் சிந்தனைக்கும் அறவியலுக்கும் பொதுவானது. நோய், சிறை, போர், கடற்பயணம் ஆகிய எல்லாவற்றிலும் இக்கேள்வி எழுந்தாலும், கடற்படையின் அணுவிசை நீர்மூழ்கிப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவரின் வீட்டில் அது கூடுதல் கூர்மை பெறுகிறது. ஏனெனில் அங்கே மறைக்கப்படுவது பிரிந்தவரின் இருப்பிடம் மட்டுமன்று, அவர் கற்கும் கல்வியுமாகும். தூத்துக்குடிக் கடற்கரை, முத்துக்குளித்தல் என்னும் தொழிலின் வழியாக, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இதே கேள்வியோடு வாழ்ந்த இடம் என்பதால், அதற்கான விடையை அங்கே தேடுவது பொருத்தமுடையது.

அணுவிசை நீர்மூழ்கி என்பது, தனக்கு வேண்டிய ஆற்றலைத் தன் வயிற்றிலேயே அமைந்த சிறிய அணு உலையிலிருந்து பெறும் கலம். யுரேனிய அணுக்கள் பிளவுபடும்போது எழும் வெப்பத்தை மிகுந்த அழுத்தத்திலுள்ள நீர் ஏற்றுக்கொண்டு, தனிச் சுற்றில் ஓடும் வேறு நீரை ஆவியாக்க, அந்த ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. டீசலில் இயங்கும் நீர்மூழ்கி தன் மின்கலங்களை மீண்டும் ஏற்றிக்கொள்ளக் காற்றைத் தேடி மேல்மட்டத்தை அணுகியாக வேண்டும். அணுவிசைக் கலத்துக்கு அத்தேவை இல்லாததால், உணவு இருப்பு உள்ளவரை அது மாதக்கணக்கில் மூழ்கியே இருக்கலாம். இந்தியக் கடற்படை, 1988 முதல் 1991 வரை சோவியத் ஒன்றியத்திடம் குத்தகைக்குப் பெற்ற ஐ.என்.எஸ். சக்ராவின் வழியாக இத்துறையைக் கற்றது. கல்பாக்கத்தில் நிலத்தின்மேல் அமைந்த முன்மாதிரி உலையின் துணையோடு உருவான ஐ.என்.எஸ். அரிஹந்த் 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டு, 2016இல் படையில் சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 29 அன்று ஐ.என்.எஸ். அரிகாத் சேர்ந்தது.

இப்பயிற்சி ஏன் இத்தனை கடுமையானது என்பதை உலையின் ஓர் இயல்பே விளக்கும். உலையை நிறுத்திவிட்டாலும் அதன் வெப்பம் நின்றுவிடுவதில்லை. பிளவில் பிறந்த பொருள்கள் தாமே சிதைந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், நிறுத்திய கணத்தில் அது முழு ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு அளவுக்குக்கூட இருக்கும். ஆகவே இங்கே ‘அணைத்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்க எவருக்கும் உரிமை இல்லை; கவனம் என்பது ஒரு நல்ல குணமாக அல்லாமல் பணியின் உள்ளடக்கமாகவே ஆகிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையில் இப்பிரிவினர் ஏறத்தாழ ஆறு மாதம் வகுப்பறையிலும், அதன்பின் ஏறத்தாழ அதே அளவு காலம் இயங்கும் உலையின் முன்னும் பயில்கின்றனர். பாடநூலையும் குறிப்பேட்டையும் பயிற்சிக் கட்டடத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்ல இயலாததால், படிப்பதெல்லாம் அக்கட்டடத்துக்குள்ளேயே, பெரும்பாலும் இரவு வெகுநேரம்வரை நடக்கிறது. வீடு திரும்புபவரின் கண்ணில் களைப்பு தெரியும். களைப்பின் காரணத்தை அவர் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கூடவே விழித்திருந்து தேநீர் போட்டுக்கொடுத்த தாய்க்கு, இப்போது எந்தப் பாடம் கடினம் என்று கேட்கும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

அறியாமையோடு அன்பு செலுத்துவது எவ்வாறு என்பதை இனி முத்துக் கடலில் காணலாம். மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் படிந்து வளரும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். பாரின்மேல் தோணி நின்றதும், குளிப்பவர் தோணியின் பக்கவாட்டில் தொங்கும் கனத்த கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார். மேலே ஒருவர் இரண்டு கயிறுகளைக் கவனித்துக்கொண்டிருப்பார். ஒன்று கல்லுக்கு உரியது, மற்றொன்று சிப்பி இடும் வலைப்பைக்கு உரியது. குளிப்பவர் தரையைத் தொட்டவுடன் கல் மேலே இழுக்கப்பட்டுவிடும். அதன்பின் ஏறத்தாழ ஒரு நிமிடம் பைக்கயிறு ஒன்றே இருவருக்கும் இடையிலான தொடர்பு. கீழே குளிப்பவர் சிப்பிகளை வாரிப் பைக்குள் தள்ளுகிறாரா, சுறாவைக் கண்டு ஒதுங்கி நிற்கிறாரா என்பதொன்றும் மேலிருப்பவருக்குத் தெரியாது. கயிற்றின் இழுவிசை மட்டுமே அவருக்குக் கிடைக்கும் செய்தி. சிறிதளவு முந்தி இழுத்தால் அந்த மூச்சும் அந்த உழைப்பும் வீணாகும். சிறிதளவு பிந்தினால் உயிர் போகும். கயிற்றை மைத்துனனிடம்தான் கொடுக்க வேண்டும், தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க அவன் ஒருபோதும் ஒப்பமாட்டான் என்று கடற்கரையில் சொல்லப்படும் வழக்கு, இப்பணியின் எடையை அம்மக்கள் எவ்வளவு துல்லியமாக உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

அதே கடலில் உதவியைப் பற்றிய வேறொரு கருத்தும் செயல்பட்டு வந்தது. ‘கடல்கட்டி’ எனப்பட்டவர், மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்டவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையை விவரித்த மார்க்கோ போலோ, குளிப்பில் கிடைத்தவற்றில் இருபதில் ஒரு பங்கு இத்தகைய மந்திரக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்றும், இரவில் திருட்டுத்தனமாக யாரும் குளித்துவிடாதபடி மாலையில் அவர்கள் கட்டை அவிழ்த்துவிடுவர் என்றும் குறிக்கிறார். படகுகள் திரும்பும்வரை கடல்கட்டி கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவரை உண்ணவும் பருகவும் கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையிலிருந்து எழுதிய ஐரோப்பியர்கள் தரும் செய்தி. இப்பணி பிற்காலத்தில் கத்தோலிக்கர் ஒருவர் கைக்கும் வந்தது என்பது, நம்பிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இக்கரையின் இயல்புக்கு ஏற்றதே. ஆங்கில அரசு அவருக்கு ஊதியம் கொடுத்ததற்கு மூடநம்பிக்கை காரணமன்று. அவர் நிற்காவிட்டால் குளிப்பவர் நீரில் இறங்கமாட்டார் என்னும் நடைமுறை அறிவே காரணம்.

கயிறு பிடிப்பவரும் கடல்கட்டியும், கரையில் நிற்போர் அனைவருக்கும் முன்னுள்ள இரண்டு வழிகளின் உருவங்கள் எனலாம். கடல்கட்டி கடலின் மேல் அதிகாரம் கோருகிறார். தம் விரதம் சரியாக இருந்தால் விளைவும் சரியாக இருக்கும் என்கிறார். இவ்வழியின் துயரம், விபத்து நேர்ந்துவிட்டால் தெரியவரும்: எங்கோ விரதம் பிழைத்திருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்த பெண்மேல் பழி விழும். கணவன் கடலில் இருக்கையில் மனைவி தலைவாரக் கூடாது, பூச்சூடக் கூடாது என்பன போன்ற விதிகள் எந்தக் கரையில் இருந்தாலும், அவற்றின் உள்ளே இப்பழி ஒளிந்திருக்கிறது. இது அன்பின்மேல் சுமத்தப்பட்ட அநீதி என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கயிறு பிடிப்பவரோ கடலின்மேல் எந்த உரிமையும் கோருவதில்லை. தம் கையின்மேல் மட்டும் பொறுப்பு ஏற்கிறார்.

பழந்தமிழ் மரபு, நிலத்தையும் உணர்வையும் இணைத்து ஐந்திணை வகுத்தபோது, கடற்கரையாகிய நெய்தலுக்கு இரங்கலை, அதாவது பிரிவை எண்ணி வருந்துவதை, உரிப்பொருளாகக் கொடுத்தது. பொறுத்துக் காத்திருத்தலாகிய இருத்தலைக் காடாகிய முல்லைக்குக் கொடுத்தது. உரிப்பொருள் என்பது ஒரு நிலத்துக்கு உரியதாகக் கருதப்பட்ட ஒழுக்கம். கடலைக் கண்டு இரங்காதவர் இல்லை என்பதால் இப்பகுப்பு இயல்பானதே. எனினும் தோணியில் கயிற்றோடு நின்றவரை இப்பகுப்பு கணக்கில் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. அவருக்கு இரங்க நேரமில்லை. சும்மா இருக்கவும் இயலாது. காத்திருப்பதையே அவர் கைத்தொழிலாக்கிக் கொள்கிறார். இக்கரையின் பழந்துறைமுகமாகிய கொற்கையின் முத்தைப் பாடிய மரபில் இந்த மூன்றாம் நிலைக்கு ஓர் இடம் கிடைத்திருக்கலாம்.

அப்படியானால் பிரார்த்தனைக்கு என்ன பொருள்? தூத்துக்குடியில் ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவில், கடலுக்குச் சென்றோரின் பெயர்கள் ஆயிரக்கணக்கான உதடுகளில் வேண்டுதலாக எழுகின்றன. 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் தழுவிய பரதவர், 1713இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோயிலைத் தம் கடல்வாழ்வின் மையமாகக் கொண்டவர்கள். கீழக்கரையிலிருந்து வந்த முஸ்லிம் குளிப்பவர்களும் தம் வழியில் வேண்டிக்கொண்டே நீரில் இறங்கினர். எல்லாம் அறிந்த இறைவனிடம் பிறருக்காகக் கேட்பது எதற்கு என்னும் ஐயத்துக்கு இறையியலாளர் தோமா அக்குவினா தந்த விடை, இறைவனின் திட்டத்தை மாற்றுவது வேண்டுதலின் நோக்கமன்று, வேண்டுதலின் வழியாகவே நிறைவேற வேண்டும் என்று அவர் வைத்ததைப் பெறுவதே நோக்கம் என்பதாகும். வினைக் கொள்கையை ஏற்றவர்களோ, ஒருவரின் வினையை அவரே நுகர வேண்டும் என்பதால், பிறர் வேண்டுதலுக்கு எல்லை உண்டு என்பர். இவ்விரண்டில் எதை ஏற்றாலும் ஒன்று மறுக்க முடியாதது: நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருவரின் பெயரைச் சொல்லி அமர்பவரின் மனம், அச்சத்தால் அவரை முந்தி இழுக்காமலும் மறதியால் பிந்தாமலும் இருக்கப் பழகுகிறது. கையைத் திடப்படுத்தும் வேண்டுதல் மெய்யானது. விளைவைத் தன் உடைமையாகக் கோரும் வேண்டுதல், எந்தச் சமயத்தின் பெயரில் நடந்தாலும், கடல்கட்டியின் தொழிலே.

இக்கரையின் கயிறு இன்று வேறு வடிவில் நிற்கிறது. கடல்நீர் சாதாரண வானொலி அலைகளை விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் உடைய அலைகள் மட்டுமே மேல்மட்டத்துக்குக் கீழே சில மீட்டர்கள் ஊடுருவும். அவ்வலைகளை அனுப்புவதற்காகத் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990இல் அமைக்கப்பட்ட கடற்படை நிலையம், பாஞ்சாலங்குறிச்சியை ஆண்டவரின் நினைவாக ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் பெயரோடு, 400 மீட்டருக்கும் உயர்ந்த கோபுரங்களைத் தாங்கி நிற்கிறது. மூழ்கியிருக்கும் கலம் அவ்வலைகளில் வரும் செய்தியைக் கேட்கலாம். அதே வழியில் மறுமொழி கூற இயலாது, வேறு வழியில் கூறினால் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும். பிரிட்டன் கடற்படையின் அணு ஏவுகணைக் கலங்களில் இருப்போருக்கு வீட்டார் வாரந்தோறும் அனுப்பிய குறுஞ்செய்தி தொடக்கக் காலத்தில் 40 சொற்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது, மறுமொழி வராது, துயரச் செய்தி இடம்பெறலாகாது. மேலிருந்து கீழே மட்டும் பேசும் இந்நிலை முத்துத்தோணிக்கு நேர்மாறானது. அங்கே கீழிருந்து வந்த இழுப்பே மேலிருந்தவரை இயக்கியது.

தந்தை இறந்த செய்தியை மகனிடமிருந்து மறைப்பது பொய்யா என்னும் வினா இங்கே எழுகிறது. மறைப்பவரின் நலனுக்காக மறைத்தால் அது வஞ்சனை. மறைக்கப்படுபவரின் இசைவோடு மறைத்தால் அது அவர் ஒப்படைத்த பொறுப்பு. ஆகவே புறப்படும் முன்பே, எதைச் சொல்ல வேண்டும், எதைத் திரும்பிய பிறகு சொல்லலாம் என்று வீட்டார் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். இதை அபசகுனம் என்று தள்ளிப்போடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. அது இருவருக்கும் கேடு.

இவற்றினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. அன்புக்குரியவர் கற்பது பேரழிவு ஆயுதத்தைத் தாங்கும் கலத்தின் தொழில் எனில், அவருக்குத் துணைநிற்பது அந்த ஆயுதத்துக்கும் துணைநிற்பதாகுமா? இக்கரையில் இது ஏட்டுக் கேள்வியன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011இலும் 2012இலும் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முற்றத்தில் மீனவப் பெண்கள் மாதக்கணக்கில் முறைவைத்து உண்ணா நோன்பிருந்தனர். 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிர் இழந்தார். அணு என்னும் சொல் இங்கே சிலருக்கு வேலை, சிலருக்கு அச்சம், சிலருக்கு இழவு. ஒரே குடும்பத்தில் ஒருவர் படையிலும் ஒருவர் போராட்டப் பந்தலிலும் இருப்பது நடக்கக்கூடாததன்று.

இதற்கு விடை, அன்பையும் இசைவையும் பிரித்து அறிவதில் இருக்கிறது. கயிறு பிடிப்பவர், கீழே எடுக்கப்படும் முத்து யாருடைய கழுத்தில் ஏறும் என்பதற்கு ஒப்புதல் அளித்துக் கயிறு பிடிப்பதில்லை. கீழே இருப்பவர் உயிரோடு மேலே வர வேண்டும் என்பதற்காகவே பிடிக்கிறார். அதே வேளையில், தோணி கரை சேர்ந்தபின், இந்தப் பாரில் இனிக் குளிக்கலாகாது என்று வாதிடும் உரிமையும் அவருக்கு உண்டு. கீழிருப்பவர் மூச்சை அடக்கியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அவ்வாதத்தைத் தொடங்குவதே அறமாகாது. ஆகவே அணு ஆயுதம் தவறு என்று நம்பும் ஒரு தந்தை, பயிற்சியில் தளர்ந்துபோன மகளுக்குத் தைரியம் சொல்வது தன் நம்பிக்கைக்குத் துரோகமன்று. விடுமுறையில் அவள் வீடு வந்திருக்கும்போது தன் மறுப்பை நேராகச் சொல்லாமல் விழுங்குவதே துரோகம்.

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. அது நடந்த காலத்தில், சிப்பியின் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டபின் குளிப்பவருக்கு எஞ்சியதில், கயிறு பிடித்தவருக்கும் பங்கு இருந்தது. அவர் நீரில் நனையவில்லை என்பதால் அவரை யாரும் தொழிலாளர் அல்லர் எனக் கணக்கிடவில்லை. கடற்படையும் பங்குக் கோயில்களும் பயிற்சியிலுள்ளோரின் வீட்டாரை அவ்வாறே கணக்கில் கொள்ள வேண்டும்; எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது, தளர்ச்சியின் அறிகுறி எது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றைப் பயிற்சி தொடங்கும்போதே அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.