மூடிய வாயில்

மார்கழி, தை மாதங்களில் வட இந்தியச் சமவெளியைப் பனிமூட்டம் போர்த்திவிடுகிறது. 50 மீட்டர் தொலைவே புலப்படும் வேளையிலும் விமானம் தரையிறங்க உதவும் கருவிகள் தில்லியில் உள்ளன. வசதி குறைந்த நிலையங்களிலோ பனி விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நோயுற்ற தாயைக் காண அன்பர் ஒருவர் வாராணசியிலிருந்து தில்லி வழியாகப் புனே செல்லப் புறப்பட்டார். பனியால் முதல் விமானம் 2 மணி நேரம் தாமதமாயிற்று. தில்லியில் இறங்கியபோது, அடுத்த விமானம் புறப்பட 35 நிமிடங்களே எஞ்சியிருந்தன. அங்கு நின்ற பணிப்பெண்ணைச் சூழ்ந்து பலர் கூச்சலிட்டனர். அன்பரின் உள்ளத்திலும் சினம் பொங்கியது. மறுகணமே, 'பனியை இந்தப் பெண்ணா படைத்தாள்?' என்ற எண்ணம் எழுந்தது. அமைதியாக வழி கேட்டு விரைந்தார். ஆயினும் வாயில் அப்போதுதான் மூடப்பட்டிருந்தது.

இரு பயணங்களும் ஒரே சீட்டில் பதிவாகியிருந்ததால் மாலை விமானத்தில் இடம் தந்தார்கள். இரவு தாயின் கையைப் பற்றியபோது, வழியில் சேர்த்த கசப்பு எதையும் அவர் அந்தக் கட்டிலருகே சுமந்து வரவில்லை.

விரைந்து செல்வது நம் கடமை. வாயில் திறந்திருப்பது நம் கையில் இல்லை. முயற்சியில் குறை வையாமல், விளைவுக்காகப் பிறரைச் சுடாமல் இருப்பதே கர்மயோகம்.