யாரும் பார்க்காத இடம்

பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு உண்டு. ஓட்டப் பந்தயத்துக்குப் பதக்கம் உண்டு. நள்ளிரவில், தனியறையில், கைக்குள் விரிந்து கிடக்கும் இணையத்தை மூடிவைத்துவிட்டு உறங்கப் போகும் மாணவனுக்கு எந்த மேடையில் மாலை போடுகிறார்கள்? ஒருவரும் போடுவதில்லை. ஆனாலும் அவனுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் நடக்கிறது.

இத்தாலியில், மிலான் நகரத்து இயேசு சபைப் பள்ளியில் படித்தவன் கார்லோ அக்கூத்திஸ். கணினியில் கைதேர்ந்தவன். ஆயினும் கணினி விளையாட்டுக்கு வாரத்தில் 1 மணி நேரந்தான் என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டான். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் அமைப்பதில் அவன் நெஞ்சம் தோய்ந்திருந்தது. 2006இல், 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் மறைந்தான். 2025இல் திருச்சபை அவனைப் புனிதராக அறிவித்தது. பெரிய ஆசை ஒன்று குடிபுகுந்துவிட்டால், சிறிய ஆசைகள் தாமே ஒதுங்கிக்கொள்கின்றன அல்லவா?

அப்படியானால் பெரியவர்களுக்குக் கடமையே இல்லையா? உண்டு. இணையத்தின் மறுமுனையில் வஞ்சகன் ஒருவன் காத்திருக்கலாம். ஏமாந்த பிள்ளை குற்றவாளி அல்ல. அது அஞ்சாமல் ஓடிவந்து சொல்ல ஒரு முகம் வேண்டும். தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களை வளர்த்த தொன் போஸ்கோ, 1884இல் ரோமிலிருந்து தம் இல்லத்துக்கு எழுதிய கடிதத்தில், ஆசிரியர் நெஞ்சில் அன்பு இருப்பது மட்டும் போதாது, பிள்ளைகளுக்கும் அது தெரியவேண்டும் என்று வற்புறுத்தினார்.

இணையத்துக்குப் பூட்டுப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தவறு நேர்ந்த அன்று உங்கள் பிள்ளை முதலில் உங்களிடம் வருவானா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.